கேட்டதும் சொன்னதும்: டோனிகால் மேஸ்திரி

(1970களில் லண்டனில் கேபிள் பள்ளம் தோண்டும் சைட்டில் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாக இருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, எங்கள் ஐரிஷ் மேஸ்திரியைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அயர்லாந்துக் கிராமத்தில் வறுமையில் வளர்ந்து வாழ்நாள் முழுக்க மண் வெட்டியவர் என்று. அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான்.)

கே: அயர்லாந்து என்றால் காலண்டரில் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே? அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவர் ஏன் லண்டனில் போய்ப் பள்ளம் தோண்ட வேண்டும்? (பொள்ளாச்சி வாசகர்)

ப: பச்சையாகத் தெரிவதெல்லாம் விளைகிற மண் இல்லை சார். அங்கே பச்சைக்குக் காரணம் ஓயாத மழை. மேஸ்திரியின் ஊர் வடமேற்கு மூலையில் டோனிகால் மாவட்டத்தில், அட்லாண்டிக் கரையில், ரோசஸ் என்கிற பகுதி. அடியில் கருங்கல், மேலே சதுப்பு. உருளைக்கிழங்குப் பாத்தி போடவே மண் போதாமல், கடலோரத்தில் பாசியை அள்ளிக் கூடையில் முதுகுச் சுமையாகக் கொண்டுவந்து கொட்டி, வருடக்கணக்கில் மண்ணை உண்டாக்குவார்கள். "எங்களுக்கு ஐந்து ஏக்கர். அதில் இரண்டு பாறை, ஒன்று தண்ணீர்" என்பார் மேஸ்திரி.

நல்ல மண் அதே மாவட்டத்தில் கிழக்கே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து அந்த நிலத்தில் குடியேற்றியது. ஏற்கெனவே இருந்தவர்களில் பலர் பாறைப் பக்கம் ஒதுங்கினார்கள். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். 1903-இல் வந்த சட்டத்தால் குத்தகைக்காரர்கள் பெரிய அளவில் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் பாறை கரைந்துவிடுமா?

நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அந்தக் குடும்பங்கள் நிலத்தால் பிழைக்கவில்லை. பிள்ளைகளை வெளியே வேலைக்கு அனுப்பி, அந்தக் கூலியால் நிலத்தைப் பிழைக்க வைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

கே: அவர் பெயரை ஏன் மறைக்கிறீர்கள்? (சேலம்)

ப: அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால். பெயர் எழுதினாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ரோசஸில் ஒரே குடும்பப் பெயர் ஊருக்குப் பாதிப் பேருக்கு இருக்கும். யார் என்று தெரிய, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கோத்துக்கொண்டே போவார்கள். நம் இனிஷியலைப் பற்றி நான் சொன்னதும் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "அப்படியானால் நீங்களும் நாகரிகமானவர்கள்தான்" என்றார்.

கே: படிக்கவே இல்லையா அவர்? (ஓர் ஆசிரியை, விருத்தாசலம்)

ப: படித்தார் டீச்சர். 1926-இல் வந்த சட்டப்படி 6 வயது முதல் 14 வரை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். ஒரே அறைப் பள்ளி. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் காலையில் வீட்டிலிருந்து டர்ஃப் கட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். டர்ஃப் என்றால் சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைக்கிற மண்கட்டி. மரம் இல்லாத அந்த ஊரில் அதுதான் விறகு. பள்ளி அடுப்பு அதில்தான் எரியும். மழையில் நனைந்த கட்டி கொண்டுவந்தவனுக்கு அடுப்பிலிருந்து தூரமான பெஞ்சு. கோடை முழுக்கச் செருப்பு கிடையாது.

வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. ஆங்கிலம் பள்ளியில் கொஞ்சம், மிச்சம் கூலி வேலையில் கற்றது. சைட்டில் பைப்புகளை எண்ணும்போது வாய்க்குள் ஐரிஷில்தான் எண்ணுவார். 14 முடிந்ததும் மேல்படிப்பு என்ற பேச்சே இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் உண்டு, அதுவும் எங்கோ டவுனில். அயர்லாந்தில் இலவச உயர்நிலைக் கல்வி 1967-இல்தான் தொடங்கியது. அதே சமயம் கிராமங்களுக்குப் பள்ளிப் பேருந்தும் விட்டார்கள். மேஸ்திரிக்கு அது முப்பது வருடத்துக்கு மேல் லேட். அவருடைய அண்ணன் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

கே: சிறுவர்களைச் சந்தையில் நிறுத்திக் கூலிக்குப் பேசுவார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் மிகையோ? (திருநெல்வேலி)

ப: குறைத்துத்தான் எழுதினேன். லெட்டர்கென்னி, ஸ்ட்ரபேன், டெரி ஆகிய டவுன்களில் மே மாதமும் நவம்பர் மாதமும் ஆள் எடுக்கிற சந்தை கூடும். கிழக்கே நல்ல மண் என்று சொன்னேனே, அதற்கு லாகன் என்று பெயர். அங்குள்ள பண்ணைக்காரர்கள் வருவார்கள். மேற்கிலிருந்து பையன்களும் பெண் பிள்ளைகளும் கால்நடையாக வந்து தெருவில் நிற்பார்கள். மாற்றுத் துணியைச் சின்ன மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால், "இவன் இன்னும் யாருக்கும் அமரவில்லை" என்று அர்த்தம். பால் கறப்பாயா, ஏர் பிடிப்பாயா என்று கேட்பார்கள். புஜத்தைப் பிடித்துப் பார்ப்பார்கள். நடக்கச் சொல்வார்கள். பேரம் அப்பாவோடு நடக்கும், பையனோடு அல்ல. படிந்ததும் அச்சாரமாக ஒரு நாணயம்.

கூலி ஆறு மாதத்துக்கு மொத்தமாக, அதுவும் கடைசி நாளில். இடையில் ஓடிவந்தால் ஒரு பைசா தேறாது. மேஸ்திரி 14 வயதில் போனபோது பேசிய கூலி ஐந்து பவுண்டு. படுக்கை மாட்டுக் கொட்டகைக்கு மேலே பரணில். "மாடுகள் இருந்ததால் குளிரவில்லை" என்பார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த வீட்டில் ஒருமுறைகூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'பாய்' (பையன்) என்றே கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். அவருடைய அப்பா பத்து வயதிலேயே போனவராம். இந்தச் சந்தைகள் இரண்டாம் உலகப்போர் சமயம்வரை ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருந்தன.

கே: ஐந்து பவுண்டு வைத்து என்ன செய்வார்கள்? (கும்பகோணம்)

ப: நல்ல கேள்வி, மற்ற யாரும் கேட்கவில்லை. அது அப்படியே மளிகைக் கடைக்குப் போகும். வசந்தத்தில் மாவு, தேயிலை, உரம் எல்லாம் கடனுக்கு வாங்கியிருப்பார்கள். கடைக்காரரேதான் வட்டிக்காரர். வீட்டுப் பெண்கள் பின்னிய காலுறையை வாங்குபவரும் பல இடங்களில் அவரே, அதற்கும் பணம் தராமல் சாமானாகத் தருவார். விலையும் அவர் வைத்ததுதான், எடையும் அவர் சொன்னதுதான். ஆக, பையன் லாகனில் ஆறு மாதம் சாணி அள்ளியது இந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடு அடிக்க. அடுத்த வசந்தத்தில் கோடு மறுபடியும் நீளும்.

இதை உடைத்தவர் ஒருவர் உண்டு. பேடி கேலஹர் என்று பெயர். ரோசஸில் பிறந்தவர், சிறுவயதில் ஸ்ட்ரபேன் சந்தையில் கூலிக்கு நின்றவர், ஸ்காட்லாந்திலும் உழைத்தவர். அங்கே கூட்டுறவுக் கடைகளைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பி, உரத்தை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதில் ஆரம்பித்து, 1906-இல் டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வியாபாரிகள் சும்மா விடவில்லை, வழக்கு, தகராறு எல்லாம் நடந்தது. சங்கம் நின்றது. டங்லோ ஊரில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது. கோ-ஆப் என்பதைத் திரித்து ஊர்க்காரர்கள் அதை 'கோப்' என்பார்கள், அவருக்கும் பேடி த கோப் என்றே பட்டப்பெயர். எங்கள் மேஸ்திரி பாதிரியார்களைப் பற்றியும் அமைச்சர்களைப் பற்றியும் நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இவரைப் பற்றிப் பேசினால் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

கே: என்ன சாப்பிட்டார்கள்? (திருச்சி)

ப: உருளைக்கிழங்கு. மோர். மறுபடியும் உருளைக்கிழங்கு. உப்பிட்ட ஹெர்ரிங் மீன் கிடைத்தால் விருந்து. கோழி இருந்தது, ஆனால் முட்டை கடைக்குப் போய்த் தேயிலையாகத் திரும்பி வரும். லண்டனில் எங்கள் சைட் கேன்டீனில் மேஸ்திரி காலையில் இரண்டு முட்டை வாங்கி, முதலில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

கே: லாகனிலிருந்து நேராக லண்டனா? (யாழ்ப்பாண வாசகர் ஒருவர், டொராண்டோ)

ப: இல்லை, நடுவில் ஸ்காட்லாந்து. டெரியிலிருந்து கிளாஸ்கோவுக்குக் கப்பல். அதில் மாடுகளும் வரும், ஆட்களும் வருவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை பண்ணை பண்ணையாகப் போய் உருளைக்கிழங்கு பொறுக்குகிற கோஷ்டிகள். ஒரு கங்காணி, அவருக்குக் கீழ் இருபது முப்பது பேர், பாதி பெண்கள். தங்க வைப்பது தொழுவத்தில், வைக்கோல் மேல்.

இந்தப் பிழைப்பின் மோசமான முகம் டோனிகாலுக்குத் தெற்கே, மேயோ மாவட்டத்து ஆக்கில் தீவில் பதிந்திருக்கிறது. 1894 ஜூனில், ஸ்காட்லாந்துக் கப்பலைப் பார்த்த உற்சாகத்தில், வேலைக்குக் கிளம்பிய பிள்ளைகள் படகின் ஒரே பக்கம் குவிய, வெஸ்ட்போர்ட் அருகே க்ளூ விரிகுடாவில் படகு கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். ஆக்கிலுக்குப் புதிதாகப் போட்டிருந்த ரயில் பாதையில் முதலில் ஓடிய வண்டி அந்தச் சடலங்களைச் சுமந்தது. பிறகு 1937 செப்டம்பர் 16. ஸ்காட்லாந்தில் கிர்க்கின்டில்லாக் என்ற ஊர். கோஷ்டி தங்கியிருந்த கொட்டகையில் இரவில் தீ. கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே படுத்திருந்த பத்துப் பேரும் போனார்கள், எல்லாரும் ஆக்கில் பையன்கள், மிகச் சிறியவனுக்கு 13 வயது. பக்கத்துப் பகுதியில் படுத்திருந்த பெண்கள் தப்பினார்கள். இறந்த பத்துப் பேரையும் ஊருக்குக் கொண்டுவந்ததும் அதே ரயில். அந்த மாதக் கடைசியோடு பாதையை மூடிவிட்டார்கள்.

ஆக்கிலில் ஒரு பழைய வாக்கு உண்டு. இரும்புச் சக்கரம் வைத்த வண்டி முதல் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் பிணம் சுமக்கும் என்று. எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. கொட்டகைக் கதவை யார் சாத்தினார்கள் என்ற கேள்விக்கு அந்த வாக்கில் பதில் இல்லை, அதுதான் எனக்கு உறுத்தல். மேஸ்திரி அந்த வருடம் ஸ்காட்லாந்திலேயே வேறொரு பண்ணையில் இருந்தார். செய்தி தெரிந்த இரவிலிருந்து அவர்கள் கோஷ்டியில் கதவோரம் ஒருவர் முறை வைத்து விழித்திருந்தார்களாம்.

போருக்குப் பிறகு ஸ்காட்லாந்து மலைகளில் நீர்மின் திட்டங்களுக்குச் சுரங்கம் குடையும் வேலை. டோனிகால்காரர்கள் அதில் பேர்போனவர்கள், 'டனல் டைகர்ஸ்' என்றே பெயர். 1955-இல் செயின்ட் ஃபில்லன்ஸ் சுரங்கத்தில் ஏழே நாளில் 557 அடி குடைந்தது அந்தக் காலத்தில் உலக சாதனை. கூலியும் நல்ல கூலி. கல்தூசியும் இலவசமாகக் கிடைத்தது. எனக்குத் தெரிந்தபோது மேஸ்திரி இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்வார்.

கே: லண்டனில் வேலை எப்படிக் கிடைத்தது? அப்ளிகேஷன் போடுவார்களா? (சென்னை-42)

ப: காலை ஆறு மணிக்குக் கிரிக்கிள்வுட் பிராட்வேயிலோ கேம்டன் டவுனிலோ நடைபாதையில் போய் நிற்க வேண்டும். அதுதான் அப்ளிகேஷன். காண்டிராக்டர்களின் வேன் வரும். கங்காணி இறங்கி, "நீ, நீ, அந்தக் கறுப்புக் கோட்டு" என்று கை நீட்டுவார். ஏறாதவர்களுக்கு அன்று கூலி இல்லை. பூட்ஸில் காய்ந்த மண் ஒட்டியிருந்தால் நேற்று வேலை கிடைத்தவன் என்று அர்த்தம், அவனைச் சீக்கிரம் எடுப்பார்கள். ஆகவே வேலை இல்லாத நாளிலும் சிலர் பூட்ஸைக் கழுவ மாட்டார்கள்.

சம்பள முறைக்கு 'லம்ப்' என்று பெயர். இத்தனை கெஜம் தோண்டினால் இத்தனை பவுண்டு, கையில் காசு, அவ்வளவுதான். வரி கிடையாது. இன்ஷூரன்ஸ் கார்டில் முத்திரை கிடையாது, அதாவது பென்ஷனுக்குச் சந்தா சேராது. விபத்துக்கு நஷ்டஈடு கிடையாது. கேட்டால் கொடுப்பதற்குப் பதிவேட்டில் இருப்பது பொய்ப் பெயர்தான். 'மிக்கி மவுஸ்' என்று கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கியவர்களைப் பற்றி அன்று எல்லா சைட்டிலும் கதை உண்டு. எங்கள் சைட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அளவுச் சங்கிலி பிடித்த எனக்கு வாரக் கடைசியில் யார் எத்தனை கெஜம் என்று எழுதுவது பெரிய தலைவலி.

1972-இல் பிரிட்டன் முழுக்கக் கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. லம்ப் முறையை ஒழிப்பதும் கோரிக்கைகளில் ஒன்று. எங்கள் சைட் நிற்கவில்லை. லம்ப் ஆளுக்குச் சங்கம் ஏது? மேஸ்திரிக்கு அதில் இரண்டு மனசு. "கையில் முழுக் காசு வந்தால் ஊருக்கு முழுக் காசு அனுப்பலாம்" என்று ஒருநாள் சொல்வார். அடுத்த நாளே "அறுபது வயதில் எனக்கு யார் அனுப்புவார்கள்?" என்பார்.

கே: ஐரிஷ்காரர்களைக் கெடுத்தது குடிதான் என்கிறார்களே? (பெயர் வேண்டாம், கோவை)

ப: குடித்தார்கள். மறைப்பானேன்? ஆனால் கூலி எங்கே கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பல இடங்களில் வெள்ளிக்கிழமை கூலி செக்காக வரும். இவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. பப்பில்தான் செக்கை மாற்ற முடியும், வாங்கிக் குடிக்காதவனுக்கு மாற்ற மாட்டார்கள். காத்திருக்கிற நேரத்தில் இரண்டு, மாற்றிய பிறகு மரியாதைக்கு இரண்டு. கங்காணிக்கு வாங்கித் தந்தால்தான் திங்கட்கிழமை வேனில் இடம். தங்கும் அறையோ நான்கு கட்டில் போட்டது, இரவு பத்துவரை வராதே என்று வீட்டுக்காரி சொல்லியிருப்பாள். குளிரில் மனிதன் எங்கே போய் உட்காருவான்? நூலகத்தில் சேற்று பூட்ஸுடன் விடுவார்களா? நடன அரங்கு ஒன்று இருந்தது, கிரிக்கிள்வுட்டில் கால்டிமோர் என்று, 1952 முதல் 2008 வரை ஓடியது. அது சனி, ஞாயிறுக்கு. மற்ற ஐந்து இரவுகளுக்குப் பப்தான். எல்லாரும் அப்படியில்லை. எங்கள் மேஸ்திரி தேநீர் மட்டும்தான். அதனால் அவரைக் கஞ்சன் என்றார்கள்.

கே: பெண்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? (மதுரை வாசகி)

ப: ஒப்புக்கொள்கிறேன், சைட்டில் அவர்களைப் பார்க்கவில்லை. ஆனால் அயர்லாந்திலிருந்து பெண்களும் ஆண்களுக்குச் சமமாகக் கிளம்பினார்கள், சில பத்தாண்டுகளில் கூடுதலாகவே. வீட்டு வேலைக்கும், 1948-இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பிறகு நர்ஸ் பயிற்சிக்கும். அங்கேயும் வரதட்சணை உண்டு தெரியுமா? நிலம் ஒரே மகனுக்குத்தான். அவனுக்கு வருகிற மருமகள் கொண்டுவரும் பணத்தில் அவன் தங்கையைக் கட்டிக்கொடுப்பார்கள். பணமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, நிலமில்லாத தம்பிக்கு இருந்த அதே கப்பல்தான். மேஸ்திரியின் தங்கை நர்ஸாகிப் பென்ஷனும் வாங்கினார். சரியாகச் சொன்னால் அந்த வீட்டில் நன்றாகச் செட்டில் ஆனவர் அவர் ஒருவர்தான்.

கே: கடைசியில் ஊர் திரும்பினாரா? (பலர்)

ப: வருடா வருடம் திரும்பினார், ஆகஸ்டில் இரண்டு வாரம். புதுக் கோட்டு, எல்லாருக்கும் பரிசு, கையில் தாராளம். லண்டனில் எப்படி இருக்கிறார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பதிவுத் தபாலில் அனுப்பிய பணத்தில்தான் கூரையில் வைக்கோல் போய் ஸ்லேட் வந்தது, அண்ணன் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் வீடு அண்ணனுடையது. அங்கே இவர் விருந்தாளி.

அறுபத்தைந்து ஆனதும் கார்டில் முத்திரை போதாமல் பென்ஷன் குறைவாகவே வந்தது. கொஞ்ச காலம் கேம்டனில் ஆர்லிங்டன் ஹவுஸில் ஓர் அறை. 1905-இல் கூலி ஆட்களுக்காகவே கட்டிய பெரிய விடுதி அது, அந்த நாளில் அங்கே ஐரிஷ் கிழவர்கள் நிறைய. 1984 முதல் ஐரிஷ் அரசு, பிரிட்டனில் இருக்கும் தன் மக்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. அப்படி ஓர் அமைப்பு வழியாக அவருக்குத் தனி ஃபிளாட் கிடைத்தது. ஊரிலேயே வீடு பார்த்துத் தருகிறோம் என்று பிற்பாடு கேட்டார்களாம். "அங்கே எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் கல்லறையில் இருக்கிறார்கள், இங்கே பஸ் பாஸ் இருக்கிறது" என்று மறுத்துவிட்டார். நான் சென்னைக்கு வந்த பிறகும் கிறிஸ்துமஸுக்குக் கார்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் வரவில்லை.

(கிரிக்கெட் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு அடுத்த இதழில்.)